இத்தாவில் எழுதிய கடிதம்: மரியாமா பாவின் நாவலில் தலைமுறைகளின் கேள்வி

கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதங்களும் பத்து நாள்களும் இத்தா இருக்கிறாள். இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் சட்டம் சார்ந்தவை. அவள் எங்கே தங்க வேண்டும், எதன் பொருட்டு வெளியே செல்லலாம், எதை உடுத்தலாம் என்பனவற்றை அவை விளக்குகின்றன. அந்நாள்களில் அவள் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை நம் எழுத்துகள் அரிதாகவே கேட்டிருக்கின்றன. அதையே ஒரு முழு நாவலின் வடிவமாக ஆக்கிய பெருமை, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டைச் சேர்ந்த மரியாமா பாவுக்கு உரியது. ‘இவ்வளவு நீண்ட ஒரு கடிதம்’ என்று பொருள்படும் தலைப்புடன் 1979இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அந்நாவல் அளவில் சிறியது. ஆப்பிரிக்காவில் வெளியாகும் நூல்களுக்கான நோமா விருது 1980இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அது இந்நூலுக்கே கிடைத்தது. மறு ஆண்டே ஆசிரியர் காலமானார். அவருடைய இரண்டாம் நாவல் அவர் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது.

மரியாமா பா 1929இல் டக்கார் நகரில் பிறந்தார். தாயை இளமையிலேயே இழந்து, தாய்வழிப் பாட்டன் பாட்டியின் வீட்டில் மார்க்கப் பேணுதலுடன் வளர்க்கப்பட்டார். ரூஃபிஸ்க் நகரிலிருந்த பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பயின்று ஆசிரியையானார். ஒன்பது பிள்ளைகளின் தாய், மணமுறிவு பெற்றவர். இவற்றை வைத்து நாவலை அவருடைய தன்வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் எந்த இடத்தில் நின்று எழுதினார் என்பதை இவை காட்டும். தொழுகை விரிப்பும் பிரெஞ்சுப் பாடநூலும் ஒரே வீட்டில் இருந்த ஒரு தலைமுறையின் குரல் அது.

இந்நாவலை இருவகையாகப் படிப்பது வழக்கமாக இருக்கிறது. ஒரு சாரார் இதனை இஸ்லாத்தின் மீதான குற்றப்பத்திரிகையாகக் காண்கின்றனர். மற்றொரு சாரார், மேற்கத்தியக் கல்வி கெடுத்த ஒரு பெண்ணின் முறையீடு என்று இதனை ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். இந்நாவலின் பெண்கள் மணவாழ்வையும் தாய்மையையும் கேள்வி கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ‘மகிழ்ச்சியாக இருக்க எனக்கு உரிமை உண்டா?’ என்பது அவர்களுடைய முதல் கேள்வி அன்று. ‘யாருடைய மகிழ்ச்சிக்கு யார் விலை கொடுத்தார்கள்?’ என்பதே அவர்கள் கேட்பது. அது மகிழ்ச்சி பற்றிய கேள்வி என்பதைவிட, நீதி பற்றிய கேள்வி.

கதையும் வடிவமும்

நாவலின் நாயகி ரமத்துலாயி ஓர் ஆசிரியை. அப்பெயர் ‘ரஹ்மத்துல்லாஹ்’ என்பதன் செனகல் வடிவம். அவளுடைய கணவர் மோது ஃபால் மாரடைப்பால் இறந்துபோகிறார். முப்பதாண்டு மணவாழ்வு, பன்னிரண்டு பிள்ளைகள். ஆனால் கடைசி ஐந்தாண்டுகள் அவர் அவளோடு வாழவில்லை. மூத்த மகள் தாபாவின் பள்ளித் தோழியான பினெத்துவை இரண்டாம் தாரமாக மணந்து, அவளோடு வேறு வீட்டுக்குச் சென்றுவிட்டார். அந்த நிகாஹ் நடந்த நாளில் இமாமும், மோதுவின் சகோதரர் தம்சீரும், குடும்ப நண்பரான மருத்துவர் மவ்தோவும் ரமத்துலாயியின் வீட்டுக்கு வந்து, நடந்ததை அறிவித்துவிட்டுப் போகிறார்கள். அவளிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

இப்போது அவர் இறந்துவிட்டார். துக்கத்திற்கு வந்தோர் முன்னிலையில், முப்பதாண்டு மனைவியையும் ஐந்தாண்டு மனைவியையும் கணவனின் சகோதரிகள் அருகருகே அமர்த்தி ஒரே நிறையில் நடத்துகிறார்கள். இத்தா தொடங்குகிறது. ரமத்துலாயி தன் இளமைத் தோழி அயிஸ்ஸத்துவுக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறாள்.

அயிஸ்ஸத்து அந்த மவ்தோவின் முன்னாள் மனைவி. பொற்கொல்லர் ஒருவரின் மகள். அரச வழியில் வந்தவளான மவ்தோவின் தாய், தொழிற்குடியில் பிறந்த மருமகளை ஏற்க மறுக்கிறாள். ஊருக்குச் சென்று, தன் சகோதரனின் மகளை அழைத்து வந்து, வளர்த்து, மருத்துவச்சிப் படிப்பும் படிக்கவைத்து, இறுதியில் மகனுக்கே அவளை மணமுடிக்கிறாள். தாயின் மனம் நோகக் கூடாது என்று மவ்தோ இணங்குகிறார். அயிஸ்ஸத்து ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, நான்கு ஆண்மக்களுடன் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். பின்னர் பிரான்சில் மொழிபெயர்ப்புத் துறையில் பயின்று, அமெரிக்காவிலுள்ள செனகல் தூதரகத்தில் பணியேற்கிறாள்.

நாவலின் நடுநாயகமான கருத்து ‘மீராஸ்’. சொத்தைப் பங்கிடும் முன் இறந்தவரின் உடைமைகளும் கடன்களும் எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படுத்தப்பட வேண்டும். மோதுவின் கணக்கு திறக்கப்படுகையில், புது மனைவிக்கு வாங்கிய வீட்டின் கடனுக்காக, ரமத்துலாயியும் தன் சம்பளத்தைப் போட்டு வாங்கிய பழைய வீடு அடமானம் வைக்கப்பட்டிருந்தது தெரியவருகிறது. சொத்துக் கணக்கு இவ்வாறு வெளிச்சத்திற்கு வரும்போது, மணவாழ்வின் மனக்கணக்கும் வெளியே வர வேண்டும் என்று அவள் முடிவு செய்கிறாள். ஷரீஅத்தின் ஒரு விதியையே தன் எழுத்தின் விதியாக அவள் ஏற்றுக்கொள்கிறாள். வெளியே செல்லாது வீட்டில் இருக்கச் சொன்ன நாள்களை அவள் சிறையாகக் கொள்ளவில்லை. கணக்குப் பார்க்கக் கிடைத்த காலமாகக் கொண்டாள். மார்க்கத்தைப் பகையாகக் கருதிய ஒருவர் இப்படியொரு வடிவத்தைத் தேர்ந்திருக்க முடியாது.

மூன்று தலைமுறைகள்

முதல் தலைமுறையை ரமத்துலாயியின் தாயிடமும் மவ்தோவின் தாயிடமும் காண்கிறோம். ரமத்துலாயியின் தாய் தன் மணவாழ்வைப் பற்றி எதுவும் கேட்டவளாகத் தெரியவில்லை. ஆனால் மகளின் மணவாழ்வைப் பற்றி அவளுக்குக் கருத்து உண்டு. மோதுவின் மேல்வரிசை முன்பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்பத்தின் பின் செல்பவன் என்பதற்கு அது அடையாளம் என்கிறாள். மருத்துவரான தாவுதா தியெங் பெண் கேட்டபோது அவருக்கே கொடுக்க விரும்புகிறாள். படித்த மகள் அதைப் புறக்கணித்து, தன் விருப்பப்படி, மஹர் ஆடம்பரம் ஏதுமின்றி மோதுவை மணக்கிறாள். கால் நூற்றாண்டு கடந்த பிறகு தாயின் ஐயம் மெய்யாகிறது. பல்லைப் பார்த்துக் குணம் சொல்வது அறிவுக்கு ஒத்ததா என்பது வேறு. பழைய தலைமுறை கேள்வியே கேட்கவில்லை என்று நாம் எண்ணுவதை இந்தச் சிறு செய்தி தடுத்துவிடுகிறது. அவர்களும் ஆண்களை எடைபோட்டார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு இருந்த மொழி சகுனங்களின் மொழி.

மவ்தோவின் தாயோ தாய்மையையே ஆயுதமாக்கியவள். தன் மணவாழ்வில் பெறாத அதிகாரத்தை மகனின் மணவாழ்வில் அவள் செலுத்துகிறாள். அதற்காக ஒரு சிறுமியின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் பொறுமையாக வடிவமைக்கிறாள். தாய்மை என்ற சொல்லின் மேல் நாம் போர்த்தியிருக்கும் புனிதப் போர்வையை மரியாமா பா இங்கே சற்றே விலக்கிக் காட்டுகிறார். ஒரு பெண்ணின் தாய்மை இன்னொரு பெண்ணின் மணவாழ்வை அழிக்கவும் கூடும்.

இரண்டாம் தலைமுறை, நாட்டின் விடுதலைக்கு முன் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, 1960இல் விடுதலையைக் கண்ட தலைமுறை. இதில் இரு தோழியரும் இருவேறு முடிவுகளை எடுக்கிறார்கள். அயிஸ்ஸத்து வெளியேறுகிறாள்; ரமத்துலாயி இருந்துவிடுகிறாள். இவ்விருவரில் ஒருத்தியைத் துணிந்தவள் என்றும் மற்றவளை அஞ்சியவள் என்றும் முத்திரை குத்துவது எளிது. நாவல் அதைச் செய்யவில்லை. பிரிந்துவிடு என்று மூத்த பிள்ளைகளே வற்புறுத்தியும் ரமத்துலாயி இருக்க முடிவெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்று. இன்னும் அணையாத அன்பு மற்றொன்று. அவள் கணவனுடன் வாழ முடிவெடுத்தாள். கணவன்தான் திரும்பி வரவில்லை. தனியே பேருந்துக்கு நிற்கும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு ஃபியட் காரை வாங்கிக் கொடுத்தவள் அயிஸ்ஸத்துவே. தோழியின் மணவாழ்வு முறிந்த பிறகும் முறியாதிருந்தது நட்பு மட்டுமே என்பதை இந்த ஒரு செய்கையில் நாவல் நிலைநாட்டிவிடுகிறது.

மூன்றாம் தலைமுறை மகள்களுடையது. திருமணம் என்பது விலங்கன்று, இருவர் ஒப்பி மேற்கொள்ளும் வாழ்க்கைத் திட்டம் என்று மூத்தவள் தாபா கருதுகிறாள். அவளுடைய கணவன் சமைக்கிறான். அதைக் குறைவாக அவன் எண்ணுவதில்லை. இளையவர்களில் மூவர் புகைபிடிப்பதைக் கண்டு தாய் திடுக்கிடுகிறாள். தோழியின் பெயரையே தாங்கிய இன்னொரு மகள், திருமணமாகும் முன்னரே கருவுற்றிருப்பது தெரியவருகிறது. இந்த இடம் நம் வாசகர்களுக்கு எளிதானதன்று. ரமத்துலாயிக்கும் எளிதாக இருக்கவில்லை. தன் வளர்ப்பைப் பற்றியும் தான் தந்த சுதந்திரத்தைப் பற்றியும் அவள் தன்னையே விசாரித்துக்கொள்கிறாள். நடந்ததை அவள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மகளைத் தெருவில் விடவும் இல்லை, அவளை அணைத்துக்கொள்கிறாள். மவ்தோவின் தாய் காட்டிய தாய்மைக்கு எதிர்நிலையில் நிற்கும் தாய்மை இது. முன்னவள் தன் கௌரவத்துக்காக மகனின் வாழ்வைச் செலவிட்டாள். பின்னவள் மகளின் வாழ்வுக்காகத் தன் கௌரவத்தைச் செலவிடுகிறாள். தாய்மையைக் கேள்வி கேட்பதென்றால் அதை மறுப்பது என்று பொருளில்லை. எது தாய்மை, எது தாய்மையின் பெயரால் நடக்கும் ஆதிக்கம் என்று பிரித்தறிவதே அக்கேள்வியின் பயன்.

அளவுகோல் எது?

ரமத்துலாயி தன் கணவரை எந்த அளவுகோலால் அளக்கிறாள் என்பது இந்நாவலைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். இஸ்லாம் வகுத்த பலதார நெறிப்படி சமமாகப் பங்கிட்டுக்கொள்ளத் தான் ஆயத்தமாக இருந்ததாகவும், தனக்குக் கிடைத்ததோ வெறுங்கை என்றும் அவள் எழுதுகிறாள். அதாவது அவள் நவீனச் சட்டத்தையோ மேலைத் தத்துவத்தையோ சான்றுக்கு அழைக்கவில்லை. கணவர் எந்த அனுமதியைத் துணைக்கொண்டாரோ, அந்த அனுமதிக்குரிய நிபந்தனையைத்தான் அவர் முன் வைக்கிறாள்.

குர்ஆனின் நான்காம் அத்தியாயமான ‘அந்நிஸா’வில், பலதார மணத்துக்கு இடமளிக்கும் மூன்றாம் வசனமே, நீதி செய்ய இயலாது என அஞ்சினால் ஒருத்தியோடு நிற்குமாறு அறிவுறுத்துகிறது. அதே அத்தியாயத்தின் 129ஆம் வசனம், ஒருத்தியின்பால் முற்றாகச் சாய்ந்து மற்றவளை அந்தரத்தில் தொங்குபவளைப்போல விட்டுவிடுவதைக் கண்டிக்கிறது. ‘அல்முஅல்லகா’ என்று அவ்வசனம் குறிப்பிடும் பெண், மனைவியுமில்லாமல் விடுவிக்கப்பட்டவளுமில்லாமல் நடுவில் நிற்பவள். ரமத்துலாயியின் கடைசி ஐந்தாண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. அவளுடைய கடிதத்தை இந்த ஒரு சொல்லின் விரிவுரை என்றே கொள்ளலாம். மோது மீறியது ஐரோப்பிய நாகரிகத்தை அன்று, குர்ஆனின் எச்சரிக்கையை என்பதுதான் நாவல் சுமத்தும் குற்றம். அதனால்தான் அது நம்மை அதிகம் உறுத்துகிறது.

செனகல் அரசு 1972இல் இயற்றிய குடும்பச் சட்டம், ஒருதார மணமா பலதார மணமா என்பதை நிகாஹின்போதே கணவன் தெரிவு செய்து பதியும் முறையைக் கொண்டுவந்தது. இந்திய முஸ்லிம்களைப் பொறுத்தவரை 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டாண்டுகள் பராமரிக்கத் தவறுவதும், ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் உள்ளவன் குர்ஆனின் கட்டளைப்படி அவர்களைச் சமமாக நடத்தாமையும், மனைவி மணமுறிவு கோருவதற்கான காரணங்களாக அதில் இடம்பெற்றுள்ளன. ரமத்துலாயியின் முறையீடு நம் சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதை அறிந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை?

பெண் கேள்வி கேட்பது புதுமை என்று எண்ணுவோர் முதல் தலைமுறையையே திரும்பிப் பார்க்கலாம். கணவரின் ளிஹார் சொல்லால் அந்தரத்தில் விடப்பட்ட கவ்லா பின்த் ஸஃலபா (ரலி), நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடினார். அவரது முறையீடு கேட்கப்பட்டது என்ற அறிவிப்போடு ஓர் அத்தியாயமே தொடங்குகிறது. அதன் பெயரும் ‘அல்முஜாதலா’. தந்தை தம் சம்மதமின்றி மணமுடித்ததாக முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் மணம் ரத்து செய்யப்பட்டது. ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லாமலே பிரிவை வேண்டினார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தந்து விடுதலை பெற்றார். பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இவற்றினும் நுட்பமானது. அழுதுகொண்டே பின்தொடர்ந்த கணவர் முகீஸுக்காக நபியவர்களே பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரைதான் என்று அறிந்ததும் மறுத்துவிட்டார். கட்டளைக்கும் பரிந்துரைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுத் தெளிந்துகொண்டு தன் மனத்தின் வழி நடந்த அப்பெண்ணை எவரும் குற்றம் சொல்லவில்லை.

இத்தா முடியும் முன்னரே, மோது இறந்த நாற்பதாம் நாளில் தம்சீர் வந்து தன்னை மணக்குமாறு கேட்கையில் ரமத்துலாயி சீறுகிறாள். முப்பதாண்டு அடக்கிய குரல் அன்று வெளிப்படுகிறது. பின்னர் பழைய தாவுதா தியெங் மீண்டும் பெண் கேட்கிறார். நல்லவர், மருத்துவர், தேசிய மன்ற உறுப்பினர். அவள் மதிக்கும் மனிதர். ஆனால் அவருக்கு மனைவியும் பிள்ளைகளும் உண்டு. மதிப்பு மட்டும் மணத்துக்குப் போதாது என்பது ஒரு காரணம். தான் பட்டதை இன்னொருத்திக்குச் செய்ய மாட்டேன் என்பது அதனினும் பெரிய காரணம். தன் மகிழ்ச்சிக்கு இன்னொரு பெண் விலை கொடுப்பதாயின் அந்த மகிழ்ச்சி வேண்டாம் என்று அவள் மறுக்கிறாள். நாவலின் உச்சம் இதுவே என்பது என் கருத்து.

கடிதம் எழுதாதவர்கள்

இத்தனை சிறப்பிருந்தும் நாவலில் ஓர் ஊமைப் பகுதி இருக்கிறது. ரமத்துலாயி எழுதுகிறாள், அயிஸ்ஸத்து எழுதுகிறாள், தாபா வாதிடுகிறாள். பினெத்து எழுதவில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அப்பெண், வறுமையிலிருந்து மீள விரும்பிய தாயின் கண்ணீருக்கு இணங்குகிறாள். படிப்பு நிறுத்தப்படுகிறது. படிப்பைக் கைவிட்டதற்கு ஈடாக மாதம் 50,000 பிராங்கை மோது உதவித்தொகைபோல் தருகிறார். வசதியின் பலிபீடத்தில் அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டி அவள் என்பதை ரமத்துலாயி உணர்ந்தே எழுதுகிறாள். அவளைப் பலியானவள் என்று தாபாவும் சொல்கிறாள். ஆனால் மற்றவர்கள் அவளுக்காக இரங்குவதைக் கேட்கிறோமேயன்றி, அவள் தன்னைப் பற்றி என்ன எண்ணினாள் என்பதைக் கேட்கவே இல்லை. அவளும் அதே நாள்களில் இத்தா இருந்தவள் அல்லவா?

அவளுடைய தாய்க்கு நாவலில் பெயர்கூட இல்லை. கேலி தொனிக்கும் ‘சீமாட்டி மாமியார்’ என்ற அடைமொழியே உண்டு. மருமகன் பணத்தில் மக்கா சென்று ‘அல்ஹாஜா’ பட்டமும் பெறுகிறாள். அவள் செய்தது கொடுமைதான். எனினும் குடிசையிலிருந்து மீள விரும்பியதும் மகிழ்ச்சியின் தேடலே. படித்த ஆசிரியையின் பேனா அந்த வறுமையை வெளியே நின்றுதான் பார்க்கிறது. பாணர் குலத்து அண்டைவீட்டுக்காரி ஃபர்மாத்தாவுக்கும் ஏறத்தாழ இதே நிலைதான். கேள்வி கேட்கச் சம்பளமும் எழுத்தறிவும் வேண்டியிருக்கிறது என்ற உண்மையை நாவல் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது.

இது தமிழ் முஸ்லிம் எழுத்துக்கும் பொருந்தும். நம் மரபில் பெண்புத்திமாலைகள் பெண்ணுக்கு அறிவுரை கூறின. 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் தம் நாவலுக்கு ‘காதலா கடமையா’ என்று தலைப்பிட்டபோது, பெண்ணின் கையால் அந்த வினாக்குறி அச்சேறியது. 2004இல் வெளிவந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, பல வயதுப் பெண்களை ஒரே ஊருக்குள் பேசவைத்து, கேட்கும் வட்டத்தை அகலமாக்கியது. அந்நாவல் வந்தபோது எழுந்த வாதங்கள் பலவும் ‘சொல்லலாமா’ என்பதைச் சுற்றியே நின்றன. ‘சொல்லப்பட்டது உண்மையா, உண்மையெனில் என்ன செய்வது’ என்ற இடத்துக்கு அவை நகர்ந்திருக்க வேண்டும்.

தான் இன்னும் வாழ்வைப் புதிதாக அமைத்துக்கொள்ளும் ஆசையைக் கைவிடவில்லை, மகிழ்ச்சியைத் தேடிச் செல்வேன் என்ற நிலையில் ரமத்துலாயி கடிதத்தை முடிக்கிறாள். அப்போது அவளுடைய இத்தா முடிந்திருக்கிறது. கணவரை அவள் மன்னித்தும்விட்டாள். ஆனால் கணக்கை முடித்த பிறகே மன்னித்தாள். கணக்கை மறைத்து மன்னிக்கவில்லை. நம் வீடுகளில் பொறுமையின் பேரால் பெண்களிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் இரண்டாவது வகை மன்னிப்பு. மீராஸில் மனைவிக்குரிய எட்டில் ஒன்றைக் கணக்கிடுவதில் காட்டும் கவனத்தை, அவள் உயிரோடிருக்கும் கணவனிடம் பெற வேண்டிய நீதியிலும் காட்டினால், இத்தகைய நீண்ட கடிதங்களுக்குத் தேவையிருக்காது. அதுவரை அவை எழுதப்பட வேண்டும். பினெத்துகளும் எழுதுகின்ற அளவுக்குப் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும்.